வி-கிராஸா, ஹைலக்ஸா? முதல்ல பின் சீட்ல உட்கார்ந்து பாருங்க

கார் லோன் வீடியோ போட்டதுல இருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "சார், எஸ்யூவிக்குப் பதிலா பிக்கப் வாங்கலாமா? வாங்கினா இசுசு வி-கிராஸா, டொயோட்டா ஹைலக்ஸா?" கேட்கிறவங்க பெரும்பாலும் 27, 28 வயசு. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை, ஊர்ல கொஞ்சம் தோட்டம், வீட்ல அப்பா அம்மா.

நான் சிஏ, மெக்கானிக் இல்லை. ஆனா இதுல வண்டி சொகுசா இருக்கா, ஓட்ட வசதியா இருக்கா என்பதே பணக் கணக்குதான். ஏழு வருஷ லோன் போட்டுட்டு, ரெண்டாவது வருஷத்துலயே "வீட்ல யாரும் இதுல ஏற மாட்டேங்கிறாங்க"ன்னு விக்கிறவருக்கு ஆகுற நஷ்டம் எந்த டிஸ்கவுண்ட்லயும் ஈடாகாது. அதனால முதல்ல வண்டி, அப்புறம் பணம்.

ரெண்டு வண்டிக்கும் பொதுவான விஷயம் ஒண்ணு இருக்கு. பின் பக்கம் லீஃப் ஸ்பிரிங், அதாவது ஒர்க்‌ஷாப்ல சொல்ற கமான் பட்டை. லாரியில பார்த்திருப்பீங்களே, அடுக்கடுக்கா வளைஞ்ச இரும்புப் பட்டை, அதேதான். (நம்ம ஊர்ல அரிவாள் அடிக்கிறதும் பழைய பட்டையிலதான், அவ்வளவு விறைப்பு.) ஹைலக்ஸ், வி-கிராஸ் ரெண்டும் உலகச் சந்தையில "ஒரு டன் பிக்கப்"னு சொல்ற ரகத்துல பிறந்தவை. பின்னாடி பல நூறு கிலோ ஏத்தினாலும் தொங்கக் கூடாதுன்னு கணக்குப் போட்டு வெச்ச பட்டை அது. தொட்டி காலியா இருக்கும்போது அதை அமுக்க எடையே இல்லை. ஸ்பீட் பிரேக்கர்ல ஏறினா பட்டை வளையாம, அந்த அடியை அப்படியே மேல அனுப்பும். அந்த அடி நேரா போய்ச் சேர்ற இடம் பின் சீட்.

ஃபார்ச்சூனரும் ஹைலக்ஸும் ஒரே அடித்தளத்துல வந்த வண்டிகள்தான். ஆனா ஃபார்ச்சூனர்ல பின்னாடி காயில் ஸ்பிரிங். இசுசுவிலும் அப்படித்தான், அவங்க எம்யூ-எக்ஸ் எஸ்யூவிக்கு காயில், வி-கிராஸுக்குப் பட்டை. வெளிநாட்டுல நிசான் நவாரா மாதிரி சில பிக்கப்கள் காயிலுக்கு மாறியிருக்கு. அமெரிக்காவில விக்கிற ஹோண்டா ரிட்ஜ்லைன் இன்னும் ஒரு படி மேல போய், கார் மாதிரியே பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுக்குது. அதெல்லாம் நம்ம ஷோரூம்ல கிடையாது. அதனால "எது சொகுசு?"ன்னு கேட்டா, காலியா ஓடுற வரைக்கும் ரெண்டும் குதிக்கும். நூறு, இருநூறு கிலோ பின்னாடி ஏத்துங்க, ரெண்டும் அடங்கிடும். தினமும் தனியா ஆபீஸ் போறவருக்கு அந்த இருநூறு கிலோ எங்கிருந்து வரும்?

முன் சீட் வேற கதை. முன்னாடி காயில் ஸ்பிரிங்தான், சீட்டும் நல்லா இருக்கும், ஹைவேயில உயரமா உட்கார்ந்து போறது சுகமாவே இருக்கும். டெஸ்ட் டிரைவ்ல எல்லாரும் ஏமாறுறது இங்கதான். வாங்குறவர் ஓட்டிப் பார்க்கிறார், அம்மா பின்னாடி உட்கார்ந்து பார்க்கிறதில்லை. பிக்கப்ல பின் சீட்டுக்குப் பின்னாடி உடனே கேபின் சுவர் வந்துடும், அதனால சாய்மானம் நிமிர்ந்துதான் இருக்கும். 2024-ல வி-கிராஸ்ல பின் சீட் சாய்வைக் கொஞ்சம் கூட்டினாங்க. நல்ல மாற்றம்தான், ஆனாலும் எஸ்யூவி அளவு வராது.

ஓட்டுறதுல ரெண்டுக்கும் வித்தியாசம் நல்லாவே தெரியும். ஹைலக்ஸ்ல 2.8 லிட்டர் டீசல் எஞ்சின், 204 பிஎஸ். டார்க் மேனுவல்ல 420 என்எம், ஆட்டோமேட்டிக்ல 500 என்எம். அதைவிட முக்கியம், மேனுவல்ல 1,400 ஆர்பிஎம்லயே முழு இழுவை வந்துடுது, 3,400 வரைக்கும் நிக்குது. வி-கிராஸ்ல 1.9 லிட்டர், 163 பிஎஸ், 360 என்எம். அந்த 360 கிடைக்கிறது 2,000-லிருந்து 2,500 ஆர்பிஎம் வரைக்கும்தான். டிராஃபிக்ல இதுக்கு என்ன அர்த்தம்? மேனுவல் வி-கிராஸ்ல ஒவ்வொரு சிக்னல்லயும் கியர் இறக்கி, கிளட்ச் மிதிச்சு, எஞ்சினை அந்தக் குறுகிய இடத்துக்குள்ள வெச்சுக்கிட்டே இருக்கணும். வி-கிராஸ்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா ஆட்டோமேட்டிக் எடுங்க, அதுல கஞ்சம் பார்க்காதீங்க. ஹைலக்ஸ்ல மேனுவலே தாங்கும், ஆட்டோமேட்டிக்ல இன்னும் நிம்மதி.

நீளத்துல பெரிய வித்தியாசம் இல்லை. ஹைலக்ஸ் 5,325 மில்லிமீட்டர், வி-கிராஸ் 5,295. ஒப்பிட்டுப் பார்க்க, ஃபார்ச்சூனர் 4,795 தான். உங்க அபார்ட்மென்ட் பார்க்கிங் கட்டம் 5 மீட்டர் நீளம்னா, எந்த பிக்கப்பும் ஒரு அடி வெளியே நீட்டிக்கிட்டுத்தான் நிக்கும். அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல உங்க வண்டி ஃபோட்டோ வாரம் ஒருமுறை வரும். வீல்பேஸும் ரெண்டுலயும் 3.1 மீட்டருக்குப் பக்கம். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. ஃபார்ச்சூனர் ஒரே வெட்டுல திரும்புற வளைவுல நீங்க ஒரு தடவை ரிவர்ஸ் எடுக்க வேண்டி வரலாம்.

மழைக்காலத்துல இன்னொரு விஷயம் கவனிக்கணும். இதுல இருக்கிற 4 வீல் டிரைவ் எப்பவும் போட்டு ஓட்டுற வகை இல்லை. சேறு, மணல்ல மட்டும் போடணும், காஞ்ச தார் ரோட்டுல போட்டா கியர் பாகங்களுக்கு வேலை வெச்சிடும். சாதாரண ஓட்டத்துல பின் சக்கரம் மட்டும்தான் தள்ளுது, காலித் தொட்டியோட அந்தப் பின் பக்கம் லேசா இருக்கு. ஈர ரோட்டுல வளைவுல ஆக்ஸிலேட்டரை அழுத்தினா வால் நழுவப் பார்க்கும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிற வேரியன்ட்தான்னு உறுதி பண்ணிக்கிட்டு வாங்குங்க.

சரி, இப்போ என் ஏரியா. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆச்சு. பெரிய எஸ்யூவிக்கு 40%. ஹைலக்ஸோட ஆரம்ப எக்ஸ்-ஷோரூம் விலை 30.40 லட்சத்துல இருந்து 28.02 லட்சமா இறங்கினது அப்போதான். பிக்கப் மேல திடீர்னு இவ்வளவு பேருக்கு ஆசை வர இதுவும் ஒரு காரணம். வி-கிராஸ் அதைவிடச் சில லட்சம் குறைவு.

இங்க ஒரு தப்பான நம்பிக்கையை உடைச்சிடுறேன். "பிக்கப் கமர்ஷியல் வண்டி மாதிரி, தேய்மானம் காட்டி வரி குறைக்கலாம்"னு யாராவது சொன்னா, அது தொழில் வருமானம் இருக்கிறவங்களுக்கு. சம்பளக்காரருக்குப் புது வரி முறையில 75,000 ரூபாய் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடைக்கும். சைக்கிள்ல போனாலும் அதே 75,000 தான், ஹைலக்ஸ்ல போனாலும் அதே 75,000 தான். சரி, அப்பா பேர்ல தோட்டக் கணக்குல காட்டலாமா? விவசாய வருமானத்துக்கு வருமான வரியே இல்லை. இல்லாத வரியில எதைக் கழிக்கப் போறீங்க?

லோன் கணக்கு: 25 லட்சம், 9% வட்டி, 7 வருஷம். இஎம்ஐ சுமார் 40,200 ரூபாய், மொத்த வட்டி மட்டும் சுமார் 8.8 லட்சம். கையில 85,000 வர்றவருக்கு இது சம்பளத்துல கிட்டத்தட்ட பாதி. டீசல், இன்சூரன்ஸ், 17, 18 இன்ச் டயர் எல்லாம் அதுக்கு மேல. இதுக்குப் பதிலா வருஷத்துல தேங்காயோ உரமோ ஏத்துற அந்த நாலஞ்சு நாளுக்கு ஒரு குட்டி யானையை வாடகைக்குக் கூப்பிட்டா, வருஷச் செலவே ஒரு மாச இஎம்ஐயைத் தாண்டாது.

மாசத்துல பல நாள் உண்மையிலேயே சுமை ஏத்துறவர், மண் ரோட்டுல போறவர், ரெண்டாவது வண்டியா வீட்ல ஒரு கார் இருக்கிறவர், இவங்களுக்கு நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். அவங்களுக்கு என் தேர்வு ஆட்டோமேட்டிக் வி-கிராஸ். ஹைலக்ஸ் ஓட்ட இன்னும் நல்லா இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனா பின் சீட்ல கிடைக்கிற குலுக்கல் அதே ரகம்தான். மிச்சமாகுற சில லட்சம் உங்க எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகட்டும். மலைப்பாதையில அடிக்கடி சுமையோட ஏறுறவருக்கு மட்டும் ஹைலக்ஸோட இழுவை கொடுத்த காசுக்கு நியாயம் பண்ணும்.

இதையும் மீறி ஷோரூம் போறீங்கன்னா, ஞாயித்துக்கிழமை காலை காலி ரோட்டுல டெஸ்ட் டிரைவ் எடுக்காதீங்க. வேலை நாள் சாயங்காலம் போங்க. வண்டியை உங்க தெருவுக்கே கொண்டு வரச் சொல்லுங்க, தொட்டி காலியா இருக்கட்டும். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல உள்ள அளவுக்கு டயர் காத்து இருக்கான்னு பார்த்துக்கோங்க. காத்து குறைச்சு வெச்சா குலுக்கல் தெரியாது. முதல் அரை மணி நேரம் வேற யாராவது ஓட்டட்டும், நீங்க அப்பா அம்மாவோட பின்னாடி உட்காருங்க. இறங்கினதும் அவங்க முகத்தைப் பாருங்க. அட்வான்ஸ் செக் அதுக்கு அப்புறம் எழுதலாம்.