மின்வாரியத்தின் காலாண்டுக் கணக்கில் காலனித் தெரு எங்கே?

மின்வாரியத்தின் வரவு செலவு குறித்த செய்தி வெளியாகும்போதெல்லாம் ஒரே பேச்சு திரும்பத் திரும்ப எழுகிறது. இழப்பு கூடியிருந்தால், "இலவசம் வாங்குகிறவர்களால்தான் வாரியம் மூழ்குகிறது" என்பார்கள். கட்டணம் உயர்ந்தால், "அவர்களுக்கும் சேர்த்து நாங்கள் கட்டுகிறோம்" என்பார்கள். பேருந்து நிறுத்தம் முதல் கல்லூரி விடுதி வரை கேட்கும் இந்தப் பேச்சில் விரல் நீள்வது பெரும்பாலும் காலனித் தெருவை நோக்கித்தான். இலவசம் என்ற சொல்லும் சாதியும் நம் ஊர்களில் அவ்வளவு நெருக்கமாகப் பிணைக்கப்பட்டுள்ளன.

இந்தக் குற்றச்சாட்டு உண்மையா என்பதை வாரியத்தின் கணக்கைக் கொண்டே சோதிக்கலாம். அந்தக் கணக்கைப் படிக்கும் முறையைப் புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

வாரியமும் அதன் கடனும்

1957-இல் உருவான தமிழ்நாடு மின்சார வாரியம், 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தை ஒட்டி 2010 நவம்பரில் நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. மின்னுற்பத்தியும் பகிர்மானமும் டான்ஜெட்கோ வசமும், உயரழுத்தத் தொடரமைப்பு டான்டிரான்ஸ்கோ வசமும் சென்றன. 2024-இல் டான்ஜெட்கோவும் பிரிக்கப்பட்டு மின்னுற்பத்தி, பசுமை எரிசக்தி, பகிர்மானம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கழகங்கள் அமைந்தன. புதுக்கோட்டை மின் பகிர்மான வட்டம் இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் கீழ் இயங்குகிறது. மக்கள் வழக்கில் அது இன்றும் "வாரியம்"தான். நாமும் அவ்வாறே குறிப்பிடுகிறோம்.

கட்டண உயர்வுகளுக்குக் காரணம் கூறித் தமிழ்நாடு அரசு வெளியிட்ட விவரப்படி, 2011-12-இல் 18,954 கோடி ரூபாயாக இருந்த வாரியத்தின் திரண்ட நிதியிழப்பு 31.3.2021 அன்று 1,13,266 கோடி ரூபாயாக உயர்ந்திருந்தது. அதே பத்தாண்டுக் காலத்தில் கடன் 43,493 கோடியிலிருந்து 1,59,823 கோடியாகப் பெருகியது. ஆண்டு வட்டிச் செலவு 4,588 கோடியிலிருந்து 16,511 கோடியானது.

இந்த வட்டித் தொகையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதை வேறொரு தொகையோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

கணக்கு எவ்வாறு அமைகிறது?

பகிர்மான நிறுவனத்தின் வரவு முக்கியமாக இரு வழிகளில் வருகிறது. நுகர்வோர் செலுத்தும் கட்டணம் ஒன்று. சில பிரிவினருக்கான கட்டணத்தை அவர்களுக்குப் பதிலாக மாநில அரசு செலுத்தும் மானியம் மற்றொன்று. செலவில் முதலிடம் மின்கொள்முதலுக்கு. அடுத்து வட்டி, ஊழியர் ஊதியம், பராமரிப்பு, தேய்மானம் ஆகியவை வருகின்றன. ஒரு யூனிட் மின்சாரத்தை வழங்க ஆகும் சராசரிச் செலவுக்கும் அதனால் கிடைக்கும் சராசரி வருவாய்க்கும் உள்ள இடைவெளியே நிறுவனத்தின் நலத்தை அளக்கும் முதன்மையான அளவுகோல்.

அரசு மானியம் இந்தக் கணக்கில் வருவாயாகவே பதிவாகிறது. ஆகவே இலவச மின்சாரம் என்பது வாரியம் விலையின்றி வழங்கும் மின்சாரம் என்று பொருள்படாது. அதன் விலையை அரசு செலுத்துகிறது. அரசின் பணம் மக்கள் தரும் வரியிலிருந்து வருகிறது. சோப்பு வாங்கும்போதும் கைபேசிக்குப் பணம் ஏற்றும்போதும் வரி கட்டும் கூலித் தொழிலாளியின் பணமும் அதில் அடங்கும். அரசு மானியத்தைக் குறைத்து வழங்கினாலோ காலந்தாழ்த்தினாலோ வாரியம் கடன் வாங்குகிறது. அந்தக் கடனுக்கான வட்டி பின்னர் எல்லோருடைய கட்டணத்திலும் ஏறுகிறது.

இதைத் தடுக்கும் நோக்கில்தான் ஒன்றிய அரசு 2023 ஜூலையில் திருத்திய மின்சார விதிகள் காலாண்டு மானியக் கணக்கைக் கட்டாயமாக்கின. காலாண்டு முடிந்த 30 நாட்களுக்குள், மானியம் பெறும் ஒவ்வொரு பிரிவும் பயன்படுத்திய மின்சாரம் எவ்வளவு, அதற்கு அரசிடம் கோரிய தொகை எவ்வளவு, பெற்ற தொகை எவ்வளவு என்ற அறிக்கையைப் பகிர்மான நிறுவனம் அளிக்க வேண்டும். மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அதை ஆராய்ந்து அடுத்த 30 நாட்களுக்குள் வெளியிட வேண்டும். செயற்பாட்டாளர்கள் கேட்டுப் பெற்றுப் படிக்க வேண்டிய முதல் ஆவணம் இது.

இலவசம் யாரைச் சேர்கிறது?

தமிழ்நாட்டில் மின்மானியம் பெறும் பிரிவுகளில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்வோம்: வேளாண் பம்புசெட்டுகள், வீடுகள், குடிசைகள்.

வேளாண் பம்புசெட்டுகளுக்கான இலவச மின்சாரம், உயிர்களையும் பலிகொண்ட உழவர் போராட்டங்களின் விளைவு. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் அது வழங்கப்பட்டது. 2024-25-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் 23.51 லட்சம் பம்புசெட்டுகளின் இலவச மின்சாரத்துக்கு 7,280 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2025-26-இல் அத்தொகை 8,186 கோடியானது.

வீடுகளுக்கு 2016 முதல் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். வருமான வரம்பு ஏதும் இல்லாததால் மாளிகைக்கும் ஓட்டு வீட்டுக்கும் இச்சலுகை ஒன்றே. குடிசைகளுக்கான மின்கட்டணத்தை அரசு முழுமையாக ஏற்கிறது.

இப்போது ஓர் எளிய வகுத்தல். 7,280 கோடி ரூபாயை 23.51 லட்சம் பம்புசெட்டுகளுக்குப் பிரித்தால், ஒரு பம்புசெட்டுக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 31,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்கான 100 யூனிட் சலுகையை 2024 ஜூலை கட்டணமான யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு என்ற அளவில் கணக்கிட்டால், ஆண்டுக்கு 2,880 ரூபாய். நிலமும் பம்புசெட்டும் உள்ள குடும்பம் இரண்டையும் பெறுகிறது. அந்த நிலத்தில் நாற்று நடும் குடும்பம் இரண்டாவதை மட்டும் பெறுகிறது. முதலாவது, இரண்டாவதைப் போல் பத்து மடங்குக்கும் மேல்.

நிலம் யாரிடம் இருக்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்களில் 16.6 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடி நிலவுடைமைகளில் அவர்கள் வசம் இருந்தவை ஏறத்தாழ 12 விழுக்காடு. பரப்பில் பார்த்தால் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நிலத்தின் பங்கு குறைந்தால் கிணற்றின் பங்கும் குறையும். கிணற்றின் பங்கு குறைந்தால் மானியத்தின் பங்கும் குறையும்.

முன்னர் குறிப்பிட்ட வட்டிக்கு இப்போது வருவோம். 2021-க்கு முன்பே ஆண்டு வட்டி 16,511 கோடியை எட்டிவிட்டது. 2024-25-இல் எல்லாப் பம்புசெட்டுகளுக்குமாக அரசு ஒதுக்கிய தொகையைப் போல் அது இரு மடங்குக்கும் அதிகம். வாரியத்தை அழுத்தும் சுமையைத் தேடுகிறவர்கள் குடிசையின் விளக்கைப் பார்ப்பதற்கு முன்னர் மின்கொள்முதல் ஒப்பந்தங்களையும் கடன் பத்திரங்களையும் பார்க்க வேண்டும்.

இலவச வேளாண் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று நாம் கூறவில்லை. பம்புசெட் நின்றால் முதலில் வேலை இழப்பவர்கள் நிலமற்ற தலித் பெண்களே. மானியத்தில் பெரும்பகுதி எங்கே செல்கிறது என்பதை மறைத்துவிட்டு, பழியை மட்டும் காலனிக்கு அனுப்பாதீர்கள் என்கிறோம்.

புதுக்கோட்டையில் கேட்க வேண்டிய கேள்விகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். மாவட்டத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி, கண்மாய்ப் பாசனம். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் வாழையும் பலாவும் பூவும் செழிப்பது ஆழ்துளைக் கிணறுகளால். நீர் ஆழத்தில் கிடப்பதால் திறன் மிகுந்த மோட்டார் வேண்டும். மோட்டார் பெரிதானால் மின்சாரமும் கூடும். எனவே மானியத்தில் யார் எவ்வளவு பெறுகிறார்கள் என்பது இம்மாவட்டத்தில் வெறும் புள்ளிவிவரமாக நின்றுவிடுவதில்லை. சொந்தமாகப் பயிரிடுகிறவர், கூலிக்குச் செல்கிறவர் என்ற வேறுபாட்டையே அது தீர்மானிக்கிறது.

பட்டியல் சாதி விவசாயிகளுக்குத் துரித மின்இணைப்புத் திட்டம் ஒன்று உண்டு. 5 குதிரைத்திறன் மோட்டாருக்கான துரித இணைப்புக் கட்டணம் 2.50 லட்சம் ரூபாய். தாட்கோ வழியாக அதில் 90 விழுக்காடு மானியம் கிடைக்கும். விவசாயி 25,000 ரூபாய் செலுத்தினால் போதும். ஆனால் இந்தத் திட்டத்தின் பயன், தம் பெயரில் நிலமும் அந்நிலத்தில் கிணறும் உள்ளவருக்கே எட்டும். புதுக்கோட்டை வட்டத்தில் இதுவரை எத்தனை இணைப்புகள் இவ்வாறு வழங்கப்பட்டன, எத்தனை விண்ணப்பங்கள் நிலுவையில் உள்ளன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

அடுத்தது குடிநீர். மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரும் தெருவிளக்கும் ஊராட்சியின் பெயரிலான மின்இணைப்புகள். அவற்றின் கட்டண நிலுவை வாரியத்தின் கணக்கில் வரவேண்டிய தொகையாக நிற்கும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமைக்குப் பின், தனித்தொட்டி என்ற ஏற்பாட்டையே நாடு கேள்வி கேட்டது. ஊருக்கும் காலனிக்கும் தொட்டி தனி, மோட்டார் தனி என்றால், எந்த மோட்டார் பழுதாகி எத்தனை நாட்கள் கிடந்தது, எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்ற கணக்கும் தனித்தனியாக வேண்டும்.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டையையும் டெல்டாவையும் சிதைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த ஊழியர்கள் வயலிலும் சேற்றிலும் கம்பம் நட்டு மின்சாரத்தை மீட்டார்கள். அந்த உழைப்பை நாம் மறக்கவில்லை. இருப்பினும் மின்தடையின் சராசரி நேரத்தைக் கூறும் வாரியத்தின் அளவீடுகள் மின்பாதை வாரியாகவே அமைகின்றன. ஒரே பாதையில் ஊர்த்தெருவுக்கு மின்சாரம் என்று வந்தது, காலனிக்கு என்று வந்தது என்பதை அந்தச் சராசரி சொல்லாது.

வளர்ச்சி என்று சொல்லப்படுவது

நாட்டின் மின் பகிர்மான நிறுவனங்கள் 2023-24-இல் கூட்டாக 25,553 கோடி ரூபாய் இழப்பைச் சந்தித்தன. 2024-25-இல் அவை கூட்டாக 2,701 கோடி ரூபாய் லாபம் ஈட்டியதாக ஒன்றிய மின்துறை அறிவித்துள்ளது. நிதிநிலை தேறுவது நல்லதே. ஆயினும் எந்த வழியில் தேறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதல் வழி கட்டணம். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் கட்டணம் பெரிதும் உயர்ந்தது. அதன்பின் ஆண்டுதோறும் ஜூலையில் உயர்வு: 2023-இல் 2.18, 2024-இல் 4.83, 2025-இல் 3.16 விழுக்காடு. 2025-இல் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றது. கட்டணத்தில் சேர்க்காமல் ஒத்திவைக்கப்பட்ட பழைய செலவுகளைக் குறித்த காலத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளதால், வரும் ஆண்டுகளில் அழுத்தம் கூடும்.

இரண்டாம் வழி மீட்டர். 2021-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் மறுசீரமைக்கப்பட்ட பகிர்மானத் திட்டம், முன்பணம் செலுத்தும் ஸ்மார்ட் மீட்டர்களை முன்னிறுத்துகிறது. மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தாதவரின் இணைப்பைத் துண்டிக்க 15 நாள் எழுத்துமூல அறிவிப்பைக் கோருகிறது. முன்பணம் தீர்ந்தவுடன் மின்சாரம் தானே நிற்குமானால், நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அந்த 15 நாள் அவகாசம் எங்கிருந்து வரும்? மறுபுறம், பெரும்பாலான பம்புசெட்டுகளுக்கு மீட்டரே இல்லை. அவற்றின் நுகர்வு மதிப்பீடாகவே எழுதப்படுகிறது. அளக்கத் தொடங்க வேண்டிய இடம் எது என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

மூன்றாம் வழி ஆட்குறைப்பு. நிரப்பப்படாத பணியிடம் கணக்கில் சேமிப்பாகத் தெரியும். தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டின்படி நேரடி நியமனத்தில் 100 பணியிடங்களில் 18 பட்டியல் சாதியினருக்கும் 1 பழங்குடியினருக்கும் உரியவை. அவ்வேலைகள் ஒப்பந்தக்காரர் வசம் சென்றால் அந்த 19 இடங்களும் மறைந்துவிடும். படித்து முடித்த முதல் தலைமுறைப் பட்டதாரி இழக்கும் அந்த வேலை, ஆண்டறிக்கையில் செலவுக் குறைப்பு என்ற பெயரில் பாராட்டப்படும்.

அடுத்த காலாண்டுக்கு முன்

நாம் முன்வைப்பவை நான்கு கோரிக்கைகள். காலாண்டு மானிய அறிக்கை தமிழில், வட்டம் வாரியாக வெளியிடப்பட வேண்டும். வேளாண் இணைப்புகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எண்ணிக்கை தனிப்பத்தியாக வேண்டும். பழுது நீக்கும் நேரம் குடியிருப்பு வாரியாகப் பதிவாக வேண்டும். நிரப்பப்படாத பணியிடங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவு வாரியாக அறிவிக்கப்பட வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டு நிதிக்கென 2024-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதிக்கணக்கில் மின்மானியத்தின் ஏதேனும் ஒரு பகுதி சேர்க்கப்படுமானால், அது எத்தனை தலித் பம்புசெட்டுகளுக்குச் சென்றது என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

2022 கட்டண உயர்வின்போது ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டது. அடுத்த முறை அத்தகைய கூட்டம் அறிவிக்கப்படும்போது, புதுக்கோட்டையின் கல்லூரி மாணவர்கள் தம் காலனித் தெருவின் மின்தடை நாட்களையும் விளக்கெரியாத கம்பங்களின் எண்களையும் ஒரு நோட்டில் குறித்து எடுத்துச் செல்லட்டும். அதற்கான பதிவை இன்றே தொடங்கலாம்.