கசப்புக்குள் ஒரு சர்க்கரை

இன்று கொஞ்சம் கசப்பான விஷயம் பேசப் போகிறோம். அதற்குள் முகத்தைச் சுளிக்காதீர்கள். பேச்சு இனிப்பாகத்தான் இருக்கும்.

உங்களுக்குத் தெரிந்ததிலேயே ரொம்பக் கசப்பான செடி எது? ஒருவன் பாகற்காய் என்பான். ஒருத்தி வேப்பிலை என்பாள். காய்ச்சல் காலத்தில் நிலவேம்புக் குடிநீர் குடித்தவர்கள், "அதை மிஞ்ச எதுவும் கிடையாது மாமா" என்று கையைத் தூக்குவீர்கள்.

எல்லாமே நல்ல பதில்கள்தான். ஆனால் இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் ஒரு கசப்பு இருக்கிறது. ஜென்ஷியன் என்ற குடும்பத்துச் செடிகளில் அது குடியிருக்கிறது.

இது பெரிய குடும்பம். உலகம் முழுவதும் ஏறத்தாழ 1,700 இனங்கள். நீலப்பூ பூப்பவை உண்டு, மஞ்சள் உண்டு, வெள்ளை உண்டு. பனி விழும் மலையில் வளர்பவையும் உண்டு. நம் கடற்கரை மணலில் வளரும் ஒன்றுகூட உண்டு! அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் குடும்பத்தின் பெரியவரைப் பார்த்துவிட்டு வருவோம்.

ஆல்ப்ஸ் மலையின் பெரியவர்

அவர் பெயர் மஞ்சள் ஜென்ஷியன். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் முதலிய மலைகளின் புல்வெளிகளில் வளர்கிறார். ஆள் உயரம் இருப்பார். அகலமான இலைகள் இரண்டிரண்டாக, எதிரும் புதிருமாக இருக்கும். இலைகள் தண்டோடு சேரும் இடத்தில் மஞ்சள் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

இவருக்கு அவசரமே கிடையாது. விதை முளைத்து, முதல் பூ பூக்கவே பத்து ஆண்டுகள் வரை ஆகும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல்கூட உயிரோடு இருப்பார். அத்தனை காலமும் மண்ணுக்குள் ஒரு தடித்த வேரை வளர்த்துக்கொண்டே போவார். மருந்து அந்த வேரில்தான் இருக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த மருந்தும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இல்லிரியா என்ற நாட்டை ஆண்ட ஜென்டியஸ் என்ற அரசர்தான் இதன் பயனைக் கண்டறிந்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

கசப்பை எப்படி அளப்பது?

நீளத்தை அளக்க அளவுகோல் இருக்கிறது. எடையை அளக்கத் தராசு இருக்கிறது. கசப்பை அளக்க என்ன இருக்கிறது? யோசித்துப் பாருங்கள்.

நாக்குதான்! பொருளைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். மேலும் மேலும் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் கொஞ்சமாக வாயில் ஊற்றிப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் கசப்பு 'இருக்கிறதா, இல்லையா' என்று ஆகிறதோ, அங்கே நிறுத்திவிடுவார்கள். எவ்வளவு தண்ணீர் சேர்த்தார்கள் என்பதுதான் கசப்பின் அளவு. மருந்துத் தர நூல்களில் இன்றும் இந்த முறை இருக்கிறது. எல்லோருடைய நாக்கும் ஒன்றுபோல் இருக்காது, இல்லையா? அதனால் குவினைன் என்ற கசப்புப் பொருளை ஒப்பிடுவதற்காக வைத்துக்கொள்வார்கள்.

இப்போது ஜென்ஷியன் வேருக்கு வருவோம். அதில் இரண்டு முக்கியமான கசப்புப் பொருள்கள் உள்ளன. ஒன்று ஜென்ஷியோபிக்ரோசைடு. இன்னொன்று அமரோஜென்டின். பெயர்கள் வாயில் நுழையவில்லையா? பரவாயில்லை, மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

ஜென்ஷியோபிக்ரோசைடு ஒரு கிராம் எடுத்து 12 லிட்டர் தண்ணீரில் கலந்தாலும் கசப்பு தெரியும். அது ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீர்.

அமரோஜென்டின் ஒரு கிராம் எடுத்தால்? 58,000 லிட்டர்! உங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டி இருந்தால், அதுபோல் 58 தொட்டித் தண்ணீரைக் கசக்க வைக்க இந்த ஒரு கிராம் போதும். இயற்கையில் கிடைக்கும் பொருள்களில் இதுவரை அறிந்தவற்றுள் மிகக் கசப்பானவற்றில் இது ஒன்று.

ஒரு சின்னக் கணக்குப் போடலாமா? காய்ந்த வேர் நூறு கிராம் எடுப்போம். அதில் ஜென்ஷியோபிக்ரோசைடு 3 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அமரோஜென்டின் வெறும் 0.05 கிராம்தான் இருக்கட்டும். எது அதிகத் தண்ணீரைக் கசக்க வைக்கும்?

முதலாவது: 3 × 12 = 36 லிட்டர். இரண்டாவது: 0.05 × 58,000 = 2,900 லிட்டர். பார்த்தீர்களா! சிட்டிகைகூட இல்லாதது ஜெயித்துவிட்டது. வேரின் கசப்பில் பெரும்பங்கு இந்தக் கொஞ்சத்தால்தான் வருகிறது. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று பாட்டி சொல்வாரே, அது இதற்குத்தான் பொருந்தும்.

உள்ளே எட்டிப் பார்ப்போம்

"ஏன் மாமா இவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டீர்களா? சபாஷ்! விஞ்ஞானி இந்த இடத்தில்தான் கேள்வி கேட்பார்.

ஒரு பொருளின் தன்மை மாறாத மிகச் சிறிய துகளை மூலக்கூறு என்கிறோம். ஜென்ஷியோபிக்ரோசைடு மூலக்கூறில் இரண்டு பகுதிகள் சேர்ந்திருக்கும். ஒரு பகுதி கார்பனும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த வளையங்கள். அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு பகுதி எது தெரியுமா? குளுக்கோஸ்! ஆமாம், விளையாடிக் களைத்தபோது தண்ணீரில் கலக்கிக் குடிப்பீர்களே, அதே சர்க்கரை.

இவ்வளவு கசக்கும் பொருளுக்குள் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை தனியாக இருந்தால் இனிக்கும். வேறொன்றோடு கட்டுண்டுவிட்டால் அந்த இனிப்பு தெரியாமல் போகலாம். மூலக்கூறின் முழு வடிவம் என்னவோ, அதற்கேற்பத்தான் சுவை அமைகிறது. இதை மனத்தில் நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அமரோஜென்டினிலும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். ஆனால் அதன் சர்க்கரையின் மேல், இரண்டு வளையங்கள் கொண்ட ஒரு துண்டு கூடுதலாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு துண்டு கூடியதும் கசப்பு பல ஆயிரம் மடங்கு எகிறிவிட்டது.

இதுவரை புரிகிறதா? இல்லையென்றால் மேலே போய் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

செடிக்கு எதற்குக் கசப்பு?

செடியால் ஓட முடியாது. கத்த முடியாது. மாடு வாயை வைத்தால் என்ன செய்யும்? வாய்க்குப் பிடிக்காதபடி தன்னை மாற்றிக்கொள்ளும். ஆல்ப்ஸ் புல்வெளியில் மாடுகள் சுற்றியுள்ள புல்லை மேய்ந்துவிட்டு, மஞ்சள் ஜென்ஷியனை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடும். மேய்ந்து முடித்த நிலத்தில் அது மட்டும் நிமிர்ந்து நிற்கும்.

நம் நாக்கும் இதே எச்சரிக்கையைப் புரிந்துகொள்கிறது. இயற்கையில் உள்ள நஞ்சுகள் பலவும் கசக்கும். அதனால் நம் நாக்கில் கசப்பை அறிவதற்கென்றே ஏறக்குறைய 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. இனிப்புக்கு அத்தனை இல்லை. கசப்பில் ஏமாந்தால் ஆபத்து அல்லவா?

ஏற்பி என்பது வீட்டு வாசலில் இருக்கும் அழைப்பு மணி மாதிரி. பொருத்தமான மூலக்கூறு வந்து அழுத்தினால் மணி அடிக்கும். மூளை "கசப்பு!" என்று எழுந்துகொள்ளும். மணியை அழுத்தியது யார் என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நிலவேம்பு, ஜென்ஷியன் குடும்பம் இல்லை. அது வேறு குடும்பம். அதன் கசப்புப் பொருள் ஆண்ட்ரோகிராஃபோலைடு. அதற்கும் அமரோஜென்டினுக்கும் அமைப்பில் ஒற்றுமை இல்லை. ஆனால் இரண்டுமே டிஏஎஸ்2ஆர்50 என்ற ஒரே ஏற்பியை அழுத்துகின்றன! 2009-ல் விஞ்ஞானிகள் இதைக் கண்டு சொன்னார்கள். ஆள் வேறு, மணி ஒன்று.

நம் பக்கத்துச் சொந்தக்காரர்கள்

இமயமலையில் இந்தக் குடும்பத்துச் செடி ஒன்று இருக்கிறது. வடநாட்டில் சிராய்தா என்பார்கள். காய்ச்சலுக்கும் கல்லீரல் கோளாறுக்கும் பழைய வைத்தியத்தில் பயன்பட்டு வருகிறது. இதிலும் அமரோஜென்டின் உண்டு.

மருந்துக் கடைச் சரக்கில் சிராய்தாவுக்குப் பதில் நிலவேம்பு கலந்துவருவது உண்டு. இரண்டும் கசக்கும், காய்ந்த குச்சியாக வந்தால் கண்ணுக்கும் பிடிபடாது. அப்போது யார் தீர்ப்புச் சொல்வது? வேதியியல்தான். அமரோஜென்டின் இருந்தால் சிராய்தா. ஆண்ட்ரோகிராஃபோலைடு இருந்தால் நிலவேம்பு. நாக்கு ஏமாந்த இடத்தில் ஆய்வுக்கூடம் ஏமாறாது.

சிராய்தாவில் மேங்கிஃபெரின் என்ற மஞ்சள் பொருளும் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் மாம்பழம் நினைவுக்கு வருகிறதா? சரியாகப் பிடித்துவிட்டீர்கள்! மாமரத்தின் இலையிலும் பட்டையிலும் இருக்கும் அதே பொருள்தான். உறவே இல்லாத இரண்டு செடிகள் ஒரே பொருளைத் தயாரிக்கின்றன.

கடற்கரை மணலில் வளரும் ஒன்று என்று முன்பு சொன்னேனே, நம் ஊர்க்காரர்? அவர்தான் வெள்ளறுகு. தமிழ்நாட்டுச் சமவெளிகளிலும் கடலோரத்திலும் வளரும் சிறு செடி. முழங்கால் உயரம்கூட வராது. குறுகிய இலைகள் எதிரெதிராக இருக்கும். இலை இடுக்குகளில் சின்ன வெள்ளைப் பூக்கள். சித்த வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த மூலிகை. இதன் கசப்புப் பொருள் ஸ்வெர்ஷியாமாரின். அதிலும் ஒரு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது. குடும்பப் பழக்கம் போகுமா?

கசந்தால் மருந்தா?

இங்கே கவனமாகக் கேளுங்கள்.

கசப்பு நாக்கில் பட்டதும் எச்சில் ஊறும். வயிற்றிலும் செரிமான நீர் சுரக்கத் தூண்டுதல் கிடைக்கும். அதனால்தான் ஐரோப்பிய வைத்தியத்தில், பசி எடுக்காதவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் ஜென்ஷியன் வேர்ச் சாற்றைச் சொட்டுக் கணக்கில் கொடுத்தார்கள். ஆனால் வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு அதுவே ஆகாது.

ஆய்வுக்கூடச் செய்திகளும் உண்டு. 1996-ல் கொல்கத்தா விஞ்ஞானிகள், கருங்காய்ச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரிக்குத் தேவையான ஒரு நொதியை அமரோஜென்டின் தடுப்பதைக் கண்டார்கள். வெள்ளறுகுச் சாறு எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாகவும் ஆய்வுகள் உள்ளன. நல்ல தொடக்கம்தான். ஆனால் சோதனைக்குழாய் வேறு, எலி வேறு, மனிதர் வேறு. எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று மனிதர்களிடம் முறையாகச் சோதித்த பிறகுதான் மருந்து என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மஞ்சள் ஜென்ஷியன் வளரும் அதே புல்வெளியில் வெராட்ரம் என்ற நச்சுச்செடியும் வளர்கிறது. பூ இல்லாத காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். தவறாகப் பிடுங்கித் தின்று நோயில் விழுந்தவர்கள் உண்டு. வித்தியாசம் இலை அடுக்கில் இருக்கிறது. ஜென்ஷியனுக்கு இலைகள் எதிரெதிராக, ஜோடியாக வரும். வெராட்ரத்துக்கு மாறி மாறி, ஒவ்வொன்றாக வரும். ஓர் உயிரைக் காப்பாற்ற இந்தச் சின்னக் கவனிப்பு போதும்.

வேரைத் தோண்டினால்?

இலையைப் பறித்தால் செடி மீண்டும் துளிர்க்கும். வேரைத் தோண்டினால்? செடியே போய்விடும். பத்து ஆண்டு காத்திருந்து பூக்கும் செடியைப் பத்து நிமிடத்தில் தோண்டி எடுத்துவிடலாம். அதனால் ஐரோப்பாவின் பல இடங்களில் மஞ்சள் ஜென்ஷியனுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சில இடங்களில் வயலிலேயே பயிரிடுகிறார்கள்.

சிராய்தாவின் கதையும் இதுதான். அதை வேரோடு பிடுங்கித்தான் விற்கிறார்கள். விதை உதிர்வதற்கு முன்பே பிடுங்கினால் அடுத்த தலைமுறையே இல்லாமல் போகும். விதை விழுந்த பிறகு எடுத்தால் மலையில் மீண்டும் முளைக்கும். சில வாரப் பொறுமைதான் வித்தியாசம்.

மாட்டின் வாயிலிருந்து தப்பக் கசப்பைக் கண்டுபிடித்த செடி, அந்தக் கசப்பாலேயே மனிதர் கையில் மாட்டிக்கொண்டது. இனி அதைக் காப்பது யார் வேலை? நம் வேலைதான்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டைச் சுற்றியும் பள்ளியைச் சுற்றியும் உள்ள செடிகளில் பத்தைப் பாருங்கள். இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா என்று நோட்டில் இரண்டு பட்டியல் போடுங்கள். துளசி முதல் பட்டியலில் வரும், செம்பருத்தி இரண்டாவதில். மீதி எட்டையும் நீங்களே கண்டுபிடியுங்கள். கண்ணால் பார்க்கலாம், விரலால் தொடலாம். வாயில் மட்டும் வைக்கக் கூடாது, சரியா?