கடையின் விலையும் வியாபாரத்தின் விலையும்

சிலப்பதிகாரத்தைக் கற்பின் கதை என்கிறோம், ஊழ்வினையின் கதை என்கிறோம். வியாபாரியான எனக்கு அது விலைமதிப்பின் கதையாகவும் படுகிறது. கண்ணகியின் சிலம்பை முதலாக வைத்து மறுபடி தொழில் தொடங்க மதுரைக்குப் போகிறான் கோவலன். அதற்கு விலை சொல்லும்படி அவன் கேட்டது யாரை? அரசியின் சிலம்பைத் தானே களவாடி வைத்திருந்த பொற்கொல்லனை! பண்டத்தில் தனக்கு ஆதாயம் உள்ளவன் கையில் தராசைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

இந்தக் கதை என் மனசில் தைத்தது படிக்கும்போது அல்ல, ஒரு கணக்கைப் பார்க்கும்போது. சில வருஷங்களுக்கு முன் தார்நாகாவில் எனக்குப் பழக்கமான ஒரு தமிழ்த் தம்பதி பிரிவதென்று முடிவு செய்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் இருவரும் சேர்ந்து இட்லிப் பொடி, சாம்பார் பொடி, ஊறுகாய் செய்து விற்றவர்கள். சரிபாதிப் பங்குதாரர்கள். பொடியின் பக்குவம் அந்த அம்மாளுடையது. கொள்முதல், வசூல், பேரேடு எல்லாம் அவர் கணவருடையது. வீட்டுப் பெரியவர்கள் என்னை அழைத்து, "நீங்க கணக்கைப் பார்த்து ஒரு தொகை சொல்லுங்க" என்றார்கள். மிளகாயும் பருப்பும் நான் கடனுக்குக் கொடுத்த கடை அது; எனக்கும் பாக்கி இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஐந்தொகைப்படி சரக்கு 9 லட்சம், வரவேண்டிய பாக்கி 6 லட்சம், இயந்திரங்கள் 2 லட்சம், ரொக்கமும் வங்கி இருப்பும் 3 லட்சம். கொடுக்க வேண்டியது 5 லட்சம். நிகரம் 15 லட்சம். பாதி ஏழரை லட்சம். கடையைக் கணவர் வைத்துக்கொள்வது, மனைவிக்கு ஏழரை லட்சம் என்று சொல்லிவிட்டேன். கணவருக்குத் திருப்தி. அந்த அம்மாள் மட்டும், "மாமா, கடையைத்தான் எடை போட்டீங்க, வியாபாரத்தை எடை போடலையே" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் சமண நூலான தத்துவார்த்த சூத்திரம், திருடாமை விரதத்துக்கு வரும் குற்றங்களில் அளவைக் கூட்டியும் குறைத்தும் காட்டுவதையும் சேர்த்திருக்கிறது. நான் செய்தது வேறென்ன?

அதன்பிறகுதான் சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் சமணர்களுக்கும் பொருந்தும். அதன் 27-ஆம் பிரிவு, திருமணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களைப் பற்றியது. 25-ஆம் பிரிவு ஜீவனாம்சம். திருமணத்துக்குப்பின் சேர்த்ததெல்லாம் தானாகவே பாதிப்பாதி என்ற பொதுவிதி அதில் கிடையாது. ஆகவே இருவரும் பங்குதாரர்களாக உள்ள தொழிலுக்கு 1932-ஆம் ஆண்டு கூட்டு வியாபாரச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். அதன் 14-ஆம் பிரிவு, 'குட்வில்' எனும் நற்பெயரும் கூட்டுச் சொத்தில் சேரும் என்கிறது. 1970-இல் உச்ச நீதிமன்றமும், இறந்துபோன ஒரு பங்குதாரரின் வாரிசுகளுக்கு நற்பெயரிலும் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. இறந்தவருக்கே உண்டென்றால் பிரிந்து போகிறவருக்கு இல்லாமல் போகுமா?

இன்னொரு தீர்ப்பு நம் பக்கத்து ஆந்திரத்திலிருந்து போன வழக்கில், 1966-இல் வந்தது. கூட்டு நடக்கும்வரை எந்தப் பங்குதாரரும் ஒரு பொருளைத் தொட்டு 'இது என்னுடையது' என்று சொல்ல முடியாது. கடன்களைத் தீர்த்தபின் மிஞ்சும் மொத்தத்தில்தான் அவருக்குப் பங்கு. "கிரைண்டர் எனக்கு, ஃப்ரீசர் உனக்கு" என்று பிரிப்பது தவறு என்று அப்போதுதான் எனக்கே தெளிந்தது.

மறுபடி உட்கார்ந்தோம், இந்த முறை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு வெளி ஆடிட்டர் கணக்குப் போட்டார். தேய்மானம் போக 2 லட்சம் என்று ஏட்டில் இருந்த இயந்திரங்கள் சந்தையில் 5 லட்சம் போகும். வராத கடன் ஒரு லட்சத்தைக் கழித்தோம். நிகரச் சொத்து 17 லட்சம் ஆயிற்று. அடுத்து லாபம். மூன்று வருஷச் சராசரி 12 லட்சம். ஆனால் பையனின் கல்லூரிப் பணமும் வீட்டுக் கார் பெட்ரோலும் கடைச் செலவில் ஏறியிருந்தன; அந்த 2 லட்சத்தைச் சேர்த்தால் 14 லட்சம். இருவர் செய்யும் வேலைக்கு ஆள் வைத்தால் ஆகும் சம்பளம் 8 லட்சம். போட்ட முதலுக்கு நியாயமான வருமானம் 2 லட்சம். இரண்டையும் கழித்தால் மிஞ்சும் 4 லட்சம்தான் அந்தப் பெயர் சம்பாதித்துக் கொடுப்பது. அதை மூன்று வருஷ மடங்கு வைத்தால் நற்பெயரின் விலை 12 லட்சம். ஆக மொத்தம் 29 லட்சம். பாதி பதினாலரை லட்சம். நான் முதலில் சொன்னதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

மூன்று மடங்கு என்பது வேதவாக்கு அல்ல. பெயர் ஒருவரின் கைப்பக்குவத்தில் நிற்கிறதென்றால் அவர் போனபின் அது குறையும். இதைத்தான் கணவர் தரப்பு வாதாடியது. நியாயமான வாதம்தான். அதற்கு விடை 55-ஆம் பிரிவில் இருந்தது. நற்பெயரை விற்றவர் போட்டித் தொழில் நடத்தலாம். ஆனால் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பழைய பெயரைப் பயன்படுத்தவோ பழைய வாடிக்கையாளரைத் தேடிப்போய் இழுக்கவோ கூடாது. பக்குவத்தை ஏட்டில் எழுதிக் கொடுக்க அந்த அம்மாள் சம்மதித்தார். மூன்று மடங்கு நிலைத்தது. கணக்கு முடிக்கும் தேதியையும் முன்கூட்டியே குறித்தோம். தீபாவளிக்கு முந்தின வாரச் சரக்கும் மறுவாரச் சரக்கும் ஒன்றாகுமா? பணம் தாமதமானால் 37-ஆம் பிரிவு கைகொடுக்கும்: கணக்குத் தீர்க்காமல் மற்றவர் தொழிலை நடத்தினால், தன் பங்கின் பயனாக வந்த லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ விலகியவர் தேர்ந்துகொள்ளலாம்.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு வழக்கு நடந்தது. பால்பண்ணையைக் கூட்டாக நடத்திய ஒயிட் தம்பதியின் சொத்து சுமார் 46 லட்சம் பவுண்டு. முதல் நீதிபதி மனைவியின் தேவையை மட்டும் கணக்கிட்டு 8 லட்சம் என்றார். மேல்முறையீட்டில் அது 15 லட்சமாயிற்று. 2000-ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை அதை உறுதி செய்து, பொருளீட்டியவர், குடும்பம் காத்தவர் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்றது. 2023-இல் நம் சென்னை உயர் நீதிமன்றமும் இல்லத்தரசியின் உழைப்பைச் சொத்துச் சேர்ப்பில் பங்களிப்பாக ஏற்றது. ஆனாலும் பத்திரத்தில் பெயர் இல்லாத மனைவி, கடையில் தன் பங்கை நிரூபிக்க மிகவும் சிரமப்பட வேண்டியிருக்கும். நகை போட்டு முதல் தந்திருந்தால், அந்தச் சீதனம் அவளுடையதே என்று 1985-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரசீது வைத்திருப்பது நல்லது.

வெளிமாநிலத்தில் பிழைக்க வந்த நம்மில் பல குடும்பங்கள் கணவனும் மனைவியுமாகக் கடை நடத்துகிறோம். பிரிவு எந்த வீட்டுக்கும் வரவேண்டாம். இருந்தாலும் மூன்று காரியங்களை இப்போதே செய்யுங்கள். மனைவியின் பெயரைப் பத்திரத்தில் ஏற்றுங்கள். வீட்டுச் செலவைக் கடைச் செலவிலிருந்து பிரியுங்கள். விலகினால் யார், எந்தத் தேதிக்கு, எந்த முறையில் மதிப்பிடுவது என்று மனஸ்தாபம் இல்லாத காலத்திலேயே எழுதி வையுங்கள்.

அந்தத் தம்பதி பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தார்கள். பணம் நாலு தவணையில் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மாள் இப்போது வேறு பெயரில் பொடி விற்கிறார். மிளகாய் என்னிடம்தான் வாங்குகிறார். முன்னாள் கணவரும் அப்படியே. இரண்டு பேருக்கும் ஒரே தராசுதான்.