பென் டிரைவில் மலையேறும் மென்பொருள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கீழ் கோத்தகிரிப் பக்கம் செல்போனில் ஒரு கோடு சிக்னல் நின்றாலே பெரிது. அப்படி ஒரு ஊரில் லினக்ஸ் கணினிக்குப் புதிய மென்பொருள் ஏற்றுவது எப்படி? இது வெறும் கேள்வி அல்ல. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் அதில் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், டெபியன் லினக்ஸிலிருந்து கிளைத்தது. டெபியனின் மென்பொருள் நிறுவும் முறையும் கூடவே மலைக் கிராமங்களுக்கு வந்துவிட்டது.

அதன் பெயர் 'ஆப்ட்'. 'ஆப்ட் சர்ச்' என்று தட்டித் தேடினால், டெபியன் களஞ்சியத்தில் பொருந்துகிற பொதிகள் (பேக்கேஜ்கள்) வரிசையாக வரும். 'ஆப்ட் இன்ஸ்டால்' என்றால், கேட்ட பொதிக்குத் துணையாக எவையெவை வேண்டும், அந்தத் துணைகளுக்கு எவை வேண்டும் என்று கடைசிவரை கணக்குப் போட்டு எல்லாவற்றையும் இறக்கி நிறுவிவிடும்.

இணையம் இல்லாதபோது சிக்கலே இந்தக் கணக்கில்தான். ஒரு பொதியை மட்டும் கொண்டுவந்தால் துணைப் பொதி இல்லாமல் பாதியில் நிற்கும். இதற்கு வழி செய்தவர் டெபியன் உருவாக்குநரான ரித்தேஷ் ராஜ் சர்ராஃப். அவர் பைத்தானில் எழுதிய 'ஆப்ட்-ஆஃப்லைன்' கருவியை, சிக்னல் கிடைக்கிற ஒரு நாளில் ஏற்றி வைத்துக்கொண்டால் போதும். 'செட்' கட்டளை கொடுத்தால், தேவையான ஒவ்வொரு கோப்பின் முகவரி, பெயர், அளவு, சரிபார்ப்பு எண் ஆகியவற்றை வரிவரியாக ஒரு சிறு கோப்பில் எழுதித் தரும். அதை பென் டிரைவில் போட்டுக்கொண்டு கோத்தகிரிக்கோ ஊட்டிக்கோ போய், நெட் இருக்கும் கணினியில் அதே கருவிக்கு 'கெட்' கொடுக்க வேண்டும். அது விண்டோஸாக இருந்தாலும் பரவாயில்லை. வீடு திரும்பி ஆப்ட்-ஆஃப்லைனுக்கு 'இன்ஸ்டால்' கொடுத்ததும் இறக்கியவை ஆப்டின் கைக்குப் போய்ச் சேரும்; பிறகு வழக்கம்போல் 'ஆப்ட் இன்ஸ்டால்'. பொதிப் பட்டியல் பழையதாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பிக்க ஒரு நடை கூடுதலாகும்.

யாரோ ஒருவர் கணினியில் இறக்கியதை நம்பலாமா? சரிபார்த்துவிட்டு நம்பலாம், எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். டெபியன் தன் பொதிப் பட்டியலுக்கு மின் கையொப்பம் இடுகிறது. ஒவ்வொரு பொதிக்கும் உரிய ஷா-256 சரிபார்ப்பு எண் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வழியில் ஒரே ஒரு பைட் மாறியிருந்தாலும் எண் பொருந்தாது. ஒப்பிட்டுப் பார்த்தால் மாற்றம் தெரிந்துவிடும்.

இறக்கிய பொதிகளை அழிக்காமல் வைத்திருங்கள். அதே பதிப்பில் ஓடும் பக்கத்து வீட்டு மடிக்கணினிக்கும் அவை அப்படியே ஆகும்.