ஆலயமாகிய சரீரமும் தரையில் இடும் விரிப்பும்



மும்பை, பெங்களூரு, டெல்லி போன்ற பட்டணங்களில் பிழைக்க வந்த நம்மில் அநேகர், நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்கிறோம். அதன் பலனாக இடுப்பும் முதுகும் வலிக்கின்றன. "பிலாட்டீஸ் பயிற்சி செய்யும்படி டாக்டர் சொல்லுகிறார். விசுவாசிகள் அதைச் செய்யலாமா ஐயா? எந்த விரிப்பை வாங்குவது?" என்று வீடு சந்திப்பின்போது சகோதரிகள் கேட்பதுண்டு. இவ்விரண்டு கேள்விகளையும் இங்கே ஆராய்வோம்.

இப்பயிற்சியை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தவர். சிறு வயதில் ஆஸ்துமாவினாலும் ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோயினாலும் வாடியவர். முதல் உலகப்போரின்போது பிரிட்டனில் முகாமில் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், தம்மோடிருந்தவர்களுக்கு உடற்பயிற்சி கற்பித்தார். பின்பு நியூயார்க் நகரில் பயிற்சிக்கூடம் நடத்தி, 1967இல் மரித்தார். இதன் சில அசைவுகள் யோகாசனத்தை ஒத்திருப்பினும், மந்திரமோ வழிபாடோ இம்முறையின் அங்கமல்ல. வயிறு, இடுப்பு, முதுகு ஆகியவற்றின் தசைகளைப் பலப்படுத்துவதே இதன் நோக்கம். கடைகளில் "யோகா மேட்" என்று எழுதியிருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். அது ரப்பரோ பிளாஸ்டிக்கோ கொண்டு செய்த விரிப்பு மாத்திரமே. ஆயினும் ஒருவருடைய மனச்சாட்சி இடங்கொடாவிட்டால், அவரை வற்புறுத்தலாகாது.

இனி விரிப்பைக் குறித்துப் பார்ப்போம். பிலாட்டீஸில் பல அசைவுகள் மல்லாந்து படுத்தே செய்யப்படுகின்றன. முதுகெலும்பின் கணுக்கள் ஒவ்வொன்றாகத் தரையில் பதிந்து எழும்புகின்றன. நம் அடுக்குமாடி வீடுகளின் டைல்ஸ் தரையிலே மெல்லிய விரிப்பை இட்டுச் செய்தால் வால் எலும்பு நோகும். ஒரு வாரத்தில் பயிற்சியே நின்றுபோகும். நின்று செய்யும் ஆசனங்களுக்கு 4 முதல் 6 மில்லிமீட்டர் கனம் போதும். பிலாட்டீஸுக்கோ 10 முதல் 15 மில்லிமீட்டர் கனமுள்ளது ஏற்றது.

எனினும் கனம் மாத்திரம் போதாது, உறுதியும் வேண்டும். பஞ்சு மெத்தைபோல் அமிழும் விரிப்பில் முதுகெலும்பு தாங்கப்படாது. நிற்கும்போது பாதமும் தடுமாறும். கடையில் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். தரை தட்டுப்பட்டால் அது மெல்லியது; அழுத்தியபின் குழி நிமிராவிட்டால் அது தரமற்றது. நீளம் உங்கள் உயரத்திலும் ஒரு சாண் அதிகமாயிருக்கட்டும். 183 சென்டிமீட்டர் நீளமும் 61 சென்டிமீட்டர் அகலமும் உள்ளவை பெரும்பாலோருக்குப் போதுமானவை.

பொருளையும் கவனியுங்கள். என்.பி.ஆர். என்னும் செயற்கை ரப்பர் நுரை மென்மையானது, ஆனால் நகம் பட்டால் கிழியக்கூடும். டி.பி.இ. இலேசானது, நன்றாய்ப் பிடிக்கும். இயற்கை ரப்பர் உறுதியானது. ஆனால் பாரமானது, ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. வியர்வையை உறிஞ்சாத மேற்பரப்பு நலம். மும்பை மழைக்காலத்தில் ஈரத்துடன் சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள்.

முதுகுத் தட்டு விலகியவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், கர்ப்பவதிகள் ஆகியோர் மருத்துவரின் ஆலோசனையின்றி இப்பயிற்சியைத் தொடங்கலாகாது. ஜெபிக்கிறோம் என்பதற்காக மருத்துவரைத் தவிர்ப்பது விசுவாசமல்ல.

சரீரப் பயிற்சியின் பலன் சிறிதே என்றும், தேவபக்தியின் பலன் இம்மையிலும் மறுமையிலும் உண்டு என்றும் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார் (1 தீமோத்தேயு 4:8). சிறிது என்றாரேயன்றி, பலனே இல்லை என்று சொல்லவில்லை. நம் சரீரம் பரிசுத்த ஆவியானவர் வாசம்பண்ணும் ஆலயம் என்று போதித்தவரும் அவரே (1 கொரிந்தியர் 6:19). ஆலயத்தைப் பராமரிப்பது உக்கிராணக்காரனின் கடமை. அதற்காக அயலார் வாங்கிய விலையுயர்ந்த விரிப்பை இச்சிக்கவும் வேண்டாம். மலிவானதை வாங்கி வலியைச் சகிக்கவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லுகிறேன். முழங்கால் வலியினால் நாற்காலியில் அமர்ந்து ஜெபிக்கும் தாய்மார் நம் சபைகளில் அநேகர். மருத்துவர் தடைசெய்யவில்லையெனில், அதே விரிப்பை இரண்டாக மடித்து முழங்காலின் கீழ் இட்டுப் பாருங்கள். பயிற்சிக்கு வாங்கியது அதிகாலை ஜெபத்திற்கும் உதவட்டும். கர்த்தர் உங்கள் சரீரத்தையும் ஆத்துமாவையும் சுகத்தோடே காத்தருள்வாராக. ஆமென்.