கானாவாழை: தீவனமா, களையா?

வேலியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் மழை பெய்ததும் முதலில் தலைகாட்டும் கொடிகளில் ஒன்று கானாவாழை. மாடு வைத்திருப்பவர் இதைப் பசுந்தீவனம் என்று அறுத்து வருவார். நிலக்கடலை பயிரிட்டவர் இதைக் களை என்று பிடுங்கி எறிவார். இருவர் செய்வதும் சரிதான். எங்கே வளர்கிறது, எப்படி வளர்க்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே இதன் நன்மையும் தீமையும் அமைகின்றன. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் வட்டாரத்தில் ஓரிரு பசுக்களை வைத்துப் பிழைப்போர் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது மிக அவசியம்.

அடையாளம்

தண்டு சாறு நிறைந்தது. தரையோடு படர்ந்து ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். இலை முட்டை வடிவில், தண்டைச் சுற்றிய உறையுடன் இருக்கும். உறையின் விளிம்பில் செம்பழுப்பு நிற மயிர்கள் தெரியும். நீலப்பூ காலையில் விரிந்து உச்சிவேளைக்குள் சுருங்கிவிடும்.

இதற்கு இன்னொரு தந்திரமும் உண்டு. மண்ணுக்குள்ளேயே வெளிறிய கிளைகளை விட்டு, அவற்றில் விரியாத பூக்களைத் தாங்கி, அங்கேயே விதையும் வைக்கும். மேலே பூவைக் கிள்ளிவிட்டதால் விதை ஒழிந்தது என்று நினைத்து ஏமாறக்கூடாது.

நீர்க்கரைகளில் இதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு கொடி வளர்கிறது. அதன் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். பூவை மூடும் மடல் அடியில் ஒட்டாமல், மடித்த இலைபோல் திறந்திருக்கும். அது மண்ணுக்குள் பூப்பதில்லை. தீவனத்துக்கென்று வளர்க்க விரும்புவோர் ஒடுங்கிய இலைக் கொடியைத் தேர்ந்தெடுப்பதே நலம்.

நடவு

விதை தேட வேண்டியதில்லை. மூன்று கணுக்கள் உள்ள தண்டுத் துண்டுகளே போதும். நிலத்தை நன்றாகக் கொத்தி, சென்டுக்கு இரண்டு கூடை மக்கிய தொழு உரமிட்டு, அரை அடி உயர மேட்டுப்பாத்தி அமைக்க வேண்டும். வரிசைக்கு வரிசை ஓரடி, துண்டுக்குத் துண்டு அரையடி இடைவெளி விட்டால் ஒரு சென்டுக்குச் சுமார் 870 துண்டுகள் பிடிக்கும். இரண்டு கணுக்கள் மண்ணுக்குள்ளும் ஒன்று வெளியிலும் இருக்கட்டும்.

ஆவணி, புரட்டாசியில் நட்டால் ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். மர நிழலிலும் வளரும். ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். மீஞ்சூர்ப் பக்கம் பல கிணறுகளில் கடல்நீர் புகுந்து தண்ணீர் உப்பாகிவிட்டது. அத்தகைய நீரைப் பாய்ச்சுவோர் முதலில் பத்துத் துண்டுகளை நட்டு, தழைக்கிறதா என்று பார்த்த பிறகு பாத்தியைப் பெருக்கலாம்.

அறுவடையும் தீவனமும்

கொடி தரையை மூடியதும், பூ எடுக்குமுன், தரையிலிருந்து மூன்று அங்குலம் விட்டு அறுக்க வேண்டும். கணுக்களிலிருந்து மீண்டும் தழைக்கும். இதில் நீர்ச்சத்து மிக அதிகம். ஆகவே அறுத்தவுடன் தனியாகப் போட்டால் வயிறு நிரம்புமே தவிர சத்துப் போதாது, சாணமும் இளகும். சில மணி நேரம் வாடவிட்டு, நறுக்கி, வைக்கோலுடன் கலந்து, முதலில் சிறு அளவாகக் கொடுத்துப் பழக்க வேண்டும். நல்ல இடத்தில் வளர்ந்த இளந்தளிரைப் பருப்புடன் கீரையாகச் சமைப்பதும் உண்டு.

எங்கே அறுக்கக்கூடாது?

தெர்மல் சாம்பல் படியும் இடங்கள், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை, ஆலைக் கழிவு ஓடும் வாய்க்கால், எண்ணெய் படிந்த சதுப்பு ஆகியவற்றில் கானாவாழை எவ்வளவு செழித்திருந்தாலும் கத்தி வைக்கக்கூடாது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. ஆனால் படிந்த சாம்பல் நிலையத்தோடு மறைந்துவிடாது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம் செப்பாக்கம் அருகே உள்ளது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த நீர் கொசஸ்தலையாற்று முகத்துவாரம் வரை பரவியது.

நிலக்கரிச் சாம்பலில் ஈயம், ஆர்சனிக் போன்ற நச்சுப் பொருட்கள் உண்டு. இலைமேல் படிந்த தூசியைக் கழுவலாம். வேர்வழி ஏறியதைக் கழுவ முடியாது. அது தீவனத்தின் வழியே பசுவுக்கும், பாலின் வழியே வீட்டுக் குழந்தைக்கும் வந்து சேரக்கூடும். காசில்லாமல் கிடைக்கும் புல் என்று அறுத்துவிட்டுப் பின்னால் வருந்துவதைவிட, வீட்டுப் புழக்கடையில் நல்ல மண்ணில் ஒரு பாத்தி போடுவது மேல். கீரைக்கும் இதே விதிதான்.

வயலில் நுழைந்தால்

நிலக்கடலை, பருத்தி, காய்கறி வயல்களில் இது பொல்லாத களை. வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் இடம் கொடுக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கிளைபோசேட் மருந்தையே நம்பியிருந்த பருத்தி விவசாயிகளுக்கு 2000-க்குப் பின் இது பெருந்தொல்லையாயிற்று. அம்மருந்துக்கு இது எளிதில் மடிவதில்லை.

கையால் களையெடுப்பதே சிறு விவசாயிக்கு உகந்தது. செடி இளசாக இருக்கும்போது, ஈர மண்ணில் வேரோடும் மண்ணுக்குள் இருக்கும் கிளையோடும் எடுக்க வேண்டும். கொத்தி அங்கேயே போட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். பிடுங்கியதை வரப்பின் ஈரத்தில் குவிக்காமல், கல்தரையிலோ சாக்கின் மீதோ பரப்பி, மொறுமொறுவெனக் காய்ந்த பிறகே குப்பைக்குழியில் இட வேண்டும். விதை வைத்த கொடியை மாட்டுக்குப் போட்டு, மக்காத சாணத்தை வயலில் கொட்டினால் களையையும் சேர்த்துக் கொட்டியதாகும்.

தீவனப் பாத்தியை விளைநிலத்திலிருந்து தள்ளியே அமைத்து, நான்கு புறமும் செங்கல் பதித்து, வெளியே ஓடும் கொடியை வாரம் ஒருமுறை நறுக்கி மாட்டுக்கே போட்டுவிடலாம். எல்லைக்குள் நிற்கும் வரை கானாவாழை தீவனம். எல்லை தாண்டினால் களை.