படத்தில் காணும் அளவும் உடலில் உள்ள அளவும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லின் அளவைக் கூறுமிடத்து, அது ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்தது என்பதையும் சேர்த்தே கூறுகின்றன. எந்த மரக்கால் என்று தெரியாவிடில் நூறு கலம் என்பதற்குப் பொருளில்லை. மருத்துவப் படங்களுக்கும் அத்தகைய மரக்கால் வேண்டும்.

கதிர்கள் விரிந்து செல்வதால் எக்ஸ்-ரே படத்தில் எலும்பு பெரிதாகவே விழும். பருத்த உடலில் இன்னும் பெரிதாகும். ஆகவே இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு முன், 25 மி.மீ. விட்டமுள்ள உலோக உருண்டையை மூட்டின் மட்டத்தில் வைத்துப் படமெடுப்பது வழக்கம். படத்தில் அது 30 மி.மீ. எனத் தெரிந்தால், 54 மி.மீ. எனக் காணும் எலும்புத் தலை உண்மையில் 45 மி.மீ. மட்டுமே. இக்கணக்குத் தவறினால் செயற்கை மூட்டின் அளவும் தவறக்கூடும். தொடையருகே தெரியும் அந்த வெண்வட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டா.

சி.டி. ஸ்கேனில் கருமைக்கும் வெண்மைக்குமே அளவுண்டு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. இது 1979இல் நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்குகிறது. நீர் நிறைந்த உருளையைக் கருவிக்குள் வைத்து, 0 வருகிறதா என்று சோதிப்பர். சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைக்க இயலுமா என்று கணிக்க இவ்வெண் துணைசெய்யும்.

கைப்பேசியில் பிடித்து அனுப்பும் படத்தில் இவ்வளவுகள் எவையும் நில்லா. ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை புள்ளி என்னும் குறிப்பும் உடன் வாராது. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ முன்பு ஸ்கேன் எடுத்திருப்பின், அங்கு வழங்கிய குறுந்தகட்டையே கொண்டு வருக. கட்டி வளர்ந்துள்ளதா என்று ஒப்பிட மருத்துவருக்கு வேண்டுவது அதுவே.